இரும்புச் சமோசா

வில்லாபுரம் வீட்டு மாடியைக் காலி செய்தபோது சித்தப்பாவின் சாக்கு மூட்டை கிடைத்தது. துபாயில் மெக்கானிக்காக இருந்தவர், திரும்பி வரும்போது கொண்டுவந்தது. உள்ளே ஒரு பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி எஞ்சின் சாமான்கள். உள்ளே சுழலும் ரோட்டர் இரண்டு, அது சுழலும் கூடான ஹவுசிங் ஒன்று, ரோட்டர் சுற்றிவிடும் தண்டான எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். மாஸ்டா கார் ஓடாத ஊரில் இதை யாரிடம் விற்பது?

ரோட்டர் ஒன்று நாலு கிலோவுக்கு மேல் இருக்கும். உப்பிய முக்கோணம். அம்மா ஏற்கெனவே ஒன்றை அரிசி டிரம் மூடிமேல் வைத்துவிட்டார், எலிக்குப் பயந்து. பெயர்கூட வைத்தாயிற்று: இரும்புச் சமோசா.

பழைய இரும்புக்கடைக்காரர் ஹவுசிங்குக்கு மட்டும் அலுமினிய ரேட், மற்றதெல்லாம் இரும்பு ரேட் என்றார். மனசு வரவில்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகாமல் ஒரு முக்கோணம் சுழன்றே காரை ஓட்டுகிறது. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று முடித்துவிடும். 1991இல் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டாவிலும் ரோட்டரி எஞ்சின்தான். இதையா எடைக்குப் போடுவது?

ஹவுசிங்கின் உள்பக்கக் குரோம் உரிந்துவிட்டது, அதனால் எஞ்சினாக இனி உயிர் பெறாது. கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் நண்பன் ஒரு பலகையில் மாட்டி, கையால் சுற்றிப் பார்க்கும்படி செய்து தருகிறானாம். செலவு டீயும் வடையும். அப்புறம் ஏதாவது பாலிடெக்னிக்குக்குக் கொடுத்துவிடலாம்.

டிரம்மில் இருக்கும் ரோட்டரை மட்டும் அம்மா தரமாட்டேன் என்கிறார்.