கேம் துறையில் முதல் வேலை தேடும் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு

சான்றிதழ்களை அடுக்குவதை விட, ஒரு சின்ன கேமை முழுசாக முடித்து யாரும் தங்கள் கேமை வெளியிடக்கூடிய இட்ச்.ஐஓ தளத்தில் போடுங்கள். 2 நிமிடம் ஓடினாலும் போதும். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ எஞ்சின் முற்றிலும் இலவசம். படம் வரைபவர்கள் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நம் ஊர் வீடுகளின் முகப்பு, வளவு (உள் முற்றப் பகுதி), ஆத்தங்குடி டைல்ஸ் தரை எல்லாம் செய்து பாருங்கள். தூணின் பளபளப்பும் முற்றத்து வெயிலும் சரியாக வந்துவிட்டால் வேலை கேட்கும்போது காட்ட அருமையான போர்ட்ஃபோலியோ அது!

டெஸ்டர் வேலை, அதாவது கேமில் பிழை தேடும் வேலை என்றால் நாள் முழுக்க விளையாட்டு இல்லை. ஒரே சுவரில் திரும்பத் திரும்ப மோதி, பிழை எந்த இடத்தில், எப்படி வந்தது என்று தெளிவாக எழுதித் தர வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

அப்புறம், இன்டர்ன்ஷிப்புக்கு உங்களிடமே பணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்பச்சியின் சேமிப்பை இப்படி இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

செய்ததை இன்பாக்ஸில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.