தரவரிசையா, இனச்சுழற்சியா? பொறியாளர்களின் பணிமூப்பு குறித்து

அரசுப் பணியில் முதலில் சேர்ந்தவரே மூத்தவர் என்று வெளியில் இருப்பவர்கள் பலரும் எண்ணுகிறார்கள். ஒரே தேர்வில் தேறிய உதவிப் பொறியாளர்களில் ஒருவர் ஆணை கைக்கு வந்த மறுநாளே பணியேற்றிருக்கலாம். இன்னொருவர் மூன்று வாரம் கழித்துச் சேர்ந்திருக்கலாம். இருவருக்கும் இடையிலான மூப்பை அந்தத் தேதிகள் தீர்மானிப்பதில்லை. தமிழ்நாடு மாநில மற்றும் சார்நிலைப் பணிகளுக்கான பொதுவிதிகளில் 35ஆம் விதி, தேர்வாணையம் தயாரித்த பட்டியலில் ஒருவர் பெற்ற இடத்தையே மூப்புக்கு அடிப்படையாக வைத்தது. ஆனால் இடஒதுக்கீட்டு விதி பொருந்துமிடத்து அதற்கு உட்பட்டே அவ்வாறு நிர்ணயிக்க வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. இருபது ஆண்டு வழக்குகள் இந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் கிளம்பின.

நியமனத்துக்கு 200 புள்ளி கொண்ட இனச்சுழற்சி, அதாவது எந்த வரிசை எண் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரியது என்று முன்கூட்டியே வகுத்த முறை, பின்பற்றப்படுகிறது. மதிப்பெண் வரிசையில் அறுபதாவதாக இருக்கும் ஒருவர், தம் பிரிவில் முதலிடத்தில் இருந்தால், அப்பிரிவுக்குரிய முதல் புள்ளியில் அமர்ந்து பட்டியலின் தொடக்கத்துக்கே வந்துவிடுவார். வேலை யாருக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்ய இது முற்றிலும் சரியான முறை. துறைகளோ அந்தச் சுழற்சி வரிசையையே நிரந்தர மூப்பாகவும் எழுதி வைத்தன.

தொழில்நுட்பப் பணிகளில் இதன் விளைவு கடுமையானது. பொதுப்பணித் துறையின் கட்டடப் பொறியாளர் மின்பிரிவில் பதவி உயர்வு கேட்க முடியாது. உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று மேலே போகப் போகப் பணியிடங்கள் சுருங்கிக்கொண்டே வருவதால், பட்டியலில் இருபது இடம் கீழே இறங்கியவர் ஒரு படி குறைவாகவே ஓய்வு பெற நேரிடும். (அரசு மருத்துவர்களிடம் அவர்களுடைய சி.எம்.எல். எண்ணை, அதாவது மூப்புப் பட்டியல் எண்ணை, கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் சொல்வார்கள், காரணம் இதுதான்.)

பணிமூப்பைச் சுழற்சிப் புள்ளியால் நிர்ணயிக்கக் கூடாது, தகுதி வரிசையே, அதாவது தேர்வில் பெற்ற தரவரிசையே, அடிப்படை என்று ஹரியானா வழக்கு ஒன்றில் 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதைப் பின்பற்றி 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அரசின் மேல்முறையீட்டை 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசு பட்டியலைத் திருத்தாமல், அதே ஆண்டு அரசு ஊழியர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தை இயற்றி, அதன் 40ஆம் பிரிவில் பழைய முறையை முன்தேதியிட்டுச் சட்டமாக்கியது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. 2021 அக்டோபரில், நீதிமன்ற அவமதிப்பு மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், தகுதி வரிசைப்படி மூப்புப் பட்டியலைத் திருத்தி வெளியிட 12 வாரம் அவகாசம் கொடுத்தது.

இதை இடஒதுக்கீட்டுக்கு எதிரான தீர்ப்பு என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. நியமனத்தில் ஒருவருக்குக் கிடைத்த இடம் அப்படியே இருக்கிறது. பதவி உயர்விலும் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றால், அரசமைப்புச் சட்டத்தின் 16(4ஏ) கூறு அதற்கான வழியைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் திறந்து வைத்திருக்கிறது. போதிய தரவுகளைத் திரட்டி நேரடியாக அதைச் செய்திருக்கலாம். மூப்புப் பட்டியல் வழியாக மறைமுகமாகச் செய்ய முயன்றதால், இரு தரப்பிலும் நேர்மையாக உழைத்தவர்கள் நீதிமன்றப் படியேறியே தங்கள் பணிக்காலத்தைக் கழித்தார்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் பலர் கோட்டைவிட்டது காலக்கெடுவில். மூப்பைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தை, பணியில் நியமிக்கப்பட்ட நாளிலிருந்தோ மூப்பை நிர்ணயித்த ஆணையின் தேதியிலிருந்தோ மூன்று ஆண்டுகளுக்குள் நியமன அலுவலரிடம் அளிக்க வேண்டும் என்றது 35ஆம் விதியின் கடைசி உட்பிரிவு. அதன் பிறகு வருபவை, உண்மை விவரங்களில் நேர்ந்த பிழையைத் திருத்துவதற்கானவை நீங்கலாக, பரிசீலனையின்றியே நிராகரிக்கப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. எனவே வரைவுப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதற்கு முன், பிறந்த தேதியையும் தேர்வாணையத் தர எண்ணையும் நியமன ஆணையோடு ஒப்பிட்டு, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.