மகர விளக்கும் செகப்பு மழையும்

போன வாரம் டியூஷனுக்கு வர்ற ஏழாங்கிளாஸ் பையன் கேட்டான், டீச்சர், சபரிமலை பக்கம் பொன்னம்பலமேட்டுல தெரியுற ஜோதி தானா வருதா, யாராச்சும் ஏத்துறாங்களான்னு. அவன் அப்பா மாலை போட்டிருக்கார். ஒத்தை வார்த்தையில பதில் சொல்லிரலாம்தான், ஆனா எனக்கு வாய் வரல, ஏன்னா இதே கேள்வியில நானும் எங்கப்பாவும் பத்து வருஷம் சண்டை போட்டிருக்கோம்.

நாங்க வண்டிப்பெரியாறு பக்கம், எஸ்டேட் லயத்துல வளர்ந்தவங்க. அப்பாவுக்கு தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை, வருஷம் தவறாம மாலை போட்டு புல்லுமேடு போய் ஜோதி பார்த்துட்டு வருவார். நான் காலேஜ்ல சயின்ஸ் சேர்ந்ததுல இருந்து அது மனுஷன் கொளுத்துறதுப்பான்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். "நீ போய் பார்த்தியா பாப்பா?"ன்னு கேப்பார். பார்த்ததில்ல. எங்கிட்ட ஆதாரம்னும் ஒண்ணும் இல்ல, நான் சொன்னது கடைசியில சரியா இருந்துச்சு, அவ்வளவுதான்.

2011 ஜனவரி 14 ராத்திரி ஜோதி பார்த்துட்டுத் திரும்புன கூட்டத்துல புல்லுமேட்டுல நெரிசலாகி 100 பேருக்கு மேல செத்துப் போனாங்க, தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்களும் நிறைய. அப்பா அன்னைக்கு அங்கதான் இருந்தார். விடியக்காலைல வீட்டுக்கு வந்தவர் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்புறம் ஹைகோர்ட் கேள்வி கேட்டு, அதே வருஷம் கோயிலை நடத்துற தேவசம் போர்டே சொல்லிருச்சு, பொன்னம்பலமேட்டுல தீபம் காட்டுறது மனுஷங்கதான்னு.

பேப்பர்ல அந்தச் செய்தியைக் காமிச்சது நான் இல்ல, அப்பாதான் எடுத்துட்டு வந்து நீட்டினார். "நீ சொன்னது சரி பாப்பா. மகர ஜோதின்னா வானத்துல உதிக்கிற நட்சத்திரம், மேட்டுல காட்டுறது மகர விளக்கு. நான் ரெண்டையும் ஒண்ணுன்னே நெனச்சுட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். இன்னமும் மாலை போடுறார், கூட வர்ற சாமிங்க கேட்டா விளக்கு ஏத்துறாங்கன்னு அவரே சொல்றார், அதுக்காக ஒருத்தர் ரெண்டு வருஷம் இவரோட பேசல.

இப்ப என் பக்கம். 2001 ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் கோட்டயத்துலயும் எங்க இடுக்கிலயும் அங்கங்க செகப்பு மழை பெஞ்சது ஞாபகம் இருக்கும். அந்த வருஷமே கவர்மெண்ட் ரிப்போர்ட்ல அது ட்ரென்டிபோலியான்னு ஒரு பாசியோட வித்து, அதாவது ஸ்போர்னு சொல்லிட்டாங்க, லேப்ல வளர்த்தும் பார்த்தாங்க. ஆனா 2006ல கோட்டயம் யுனிவர்சிட்டி விஞ்ஞானிங்க ரெண்டு பேர் அந்த செல்லு விண்வெளியில இருந்து வந்ததா இருக்கலாம், அதுல டிஎன்ஏ காணோம்னு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டதும் நான் அதைப் புடிச்சுக்கிட்டேன். நம்ம ஊரு மழையில வேத்துலக உயிர்! இருக்கலாம்னு அவங்க எழுதினதை நான் பிள்ளைங்ககிட்ட நிரூபிச்சாச்சுன்னே சொன்னேன். எத்தனை பிள்ளைங்க அதை நம்பிக்கிட்டுப் போச்சோ, இன்னைக்கும் அது மனசை உறுத்துது.

அப்பா அன்னைக்கே கேட்டார். "தேயிலைல ரெட் ரஸ்ட் நோய் வந்தா செகப்பா கையில ஒட்டுமே பாப்பா, அதுவும் பாசின்னுதான ஆபிசர் சொல்வார், இது அந்த மாதிரி இருக்காதா?" உங்களுக்குத் தெரியாதுப்பான்னு சொல்லிட்டேன். ரெட் ரஸ்ட் உண்டாக்குறது செபாலியூரோஸ்னு ஒரு பாசி, ட்ரென்டிபோலியாவுக்கு ஒரே குடும்பத்து சொந்தம்னு அப்புறமா படிச்சேன். முப்பது வருஷம் அந்தச் செடியைத் தொட்டு வேலை பார்த்தவர் கேட்ட கேள்வி அது, நான் காது குடுத்திருந்தா அன்னைக்கே போய்த் தேடியிருப்பேன்.

2015ல டிஎன்ஏ எடுத்துப் பார்த்து ட்ரென்டிபோலியாதான்னு வந்த ஆராய்ச்சியைப் படிச்சப்புறமும் ஒரு மாசம் அப்பாகிட்ட சொல்லல. அவர் பேப்பரை நீட்டின மாதிரி எனக்கு நீட்ட முடியல.

ஒருநாள் எங்க வீட்டுப் பின்னாடி பலாமரத்துப் பட்டைல ஆரஞ்சு கலர்ல படிஞ்சிருந்ததை சுரண்டி, மைக்ராஸ்கோப்ல வச்சு அப்பாவைக் கூப்பிட்டு, நீங்க சொன்னதுதாம்ப்பா சரின்னேன். கண்ணை வச்சுப் பார்த்துட்டு, "இதுல டிஎன்ஏ எங்க தெரியுது?"ன்னார். இதுல தெரியாதுப்பான்னேன். "அப்ப அவங்க எப்படிப் பார்த்தாங்க, சொல்லு"ன்னு திண்ணைல உக்காந்துட்டார். டீ ஆறிப்போச்சு, அவர் விடல.

அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், அவன் கேள்விக்கு அப்பாவே பதில் சொல்றேன்னுருக்கார்.