பழைய சில்வராடோவுக்குப் புது சைலன்சர்: வேலை தொடங்கியது முன்பக்கத்தில்

வண்டி 2003 செவ்ரோலே சில்வராடோ 1500 பிக்கப் டிரக். 5.3 லிட்டர் வி8 இன்ஜின், நீட்டிய கேபின், ஆறரை அடித் தொட்டி. அமெரிக்காவில் குளிர்காலச் சாலைக்கு உப்புத் தூவும் பகுதியிலேயே அதன் வாழ்நாள் முழுக்க ஓடியது. மஃப்ளரின், அதாவது சத்தம் அடக்கும் சைலன்சர் பெட்டியின், அடித்தகடு பொத்துவிட்டது. பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் டெயில் பைப்பைக் கையால் அழுத்தினாலே செதில் செதிலாக உதிர்ந்தது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மூன்று அங்குலக் குழாயும் புது மஃப்ளரும் போடுவது என்று முடிவானது. இதைத்தான் இங்கே ‘கேட்-பேக்’ என்பார்கள்.

இந்தக் குழாய்களும் மஃப்ளரும் சேர்ந்து வரும் கிட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் ஸ்டார்ட் செய்து, முன்சக்கரப் பள்ளத்துப் பக்கம் காதை வையுங்கள். ‘டிக் டிக்’ என்று வேகமாக ஒரு சத்தம் வந்து, இன்ஜின் சூடானதும் மறைந்துபோனால் அது பெரும்பாலும் வால்வ் சத்தம் இல்லை. மேனிஃபோல்ட், அதாவது சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த்தொகுதி, அதன் போல்ட் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் தலைமுறை வண்டிகளில் இது மிகச் சாதாரணம். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, அது பொருந்தும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. அந்த இழுபறி முழுவதும் ஓரத்துப் போல்ட்களின் மேல் விழும். பின்கோடியில் 7, 8 ஆம் சிலிண்டர்களை ஒட்டிய போல்ட்கள் பெரும்பாலும் முதலில் போகும். இந்த வண்டியிலும் இரண்டு பக்கமும் அவைதான் போயிருந்தன.

இதை அப்படியே விட்டுப் பின்னால் புதுக் குழாய் போட்டால் என்ன ஆகும்? புகை வெளியே கசிவது மட்டும் இல்லை. ஒவ்வொரு அழுத்த அலைக்கும் நடுவில் வெளிக்காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். அடுத்து உள்ள ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து ‘பெட்ரோல் குறைவு’ என்று கணினிக்குச் சொல்லும். கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். ‘பெட்ரோல் குறைவு’ என்பதைக் காட்டும் பி0171, பி0174 பழுதுக் குறியீடுகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் போட்ட புது மஃப்ளரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே முதல் வார இறுதி முழுக்க முன்பக்கத்துக்கே போனது. மூன்று நாள் முன்பிருந்தே எல்லா போல்ட்களுக்கும் நட்களுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டே வர வேண்டும். முன்சக்கரத்தையும் உள் ஃபெண்டர் பிளாஸ்டிக்கையும் கழற்றினால் பின்கோடி போல்ட்டுக்கு நேராக வழி கிடைக்கும். மேலிருந்து முயன்றால் கை மட்டும்தான் கிழியும். ஒரு பக்கத்துக்கு ஆறு போல்ட், எம்8 (8 மில்லிமீட்டர் தடிமன்), மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். உடையாமல் மீந்தவற்றைக் கால் சுற்று தளர்த்து, திரும்ப இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி தளர்த்து என்று பொறுமையாக எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் இருக்கிற நல்ல போல்ட்டும் முறியும்.

வலப்பக்கம் உடைந்த துண்டு ஹெட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. இது நல்ல நேரம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளே மிக் வெல்டிங் போட்டு நிரப்ப வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவதும், எர்த் கிளாம்ப்பைப் பக்கத்திலேயே பிடிப்பதும் கட்டாயம். சிவப்பு மங்கும்வரை காத்திருந்து, ஸ்பேனரை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் துண்டு வரும். நட்டு பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம், இன்னொரு நட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் துருவின் பிடி விடுகிறது. இங்கே மூன்றாவது நட்டில்தான் வந்தது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று: சூடு காட்டப்போகும், வெல்டிங் போடப்போகும் இடத்தைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். சூட்டில் அது பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும்.

இடப்பக்கத்துப் போல்ட் ஹெட்டின் மட்டத்துக்கே முறிந்திருந்தது. அங்கே கையால் துளையிட்டால் டிரில், கெட்டியான போல்ட்டை விட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் வழுக்கிப் போகும். பக்கத்துத் துளைகளில் பொருத்தி டிரில்லை நடுவில் பிடித்துக்கொள்ளும் ஜிக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். இடச்சுற்று டிரில் பிட் 3 மில்லிமீட்டரில் தொடங்கி 5க்குப் போகும்போதே துண்டு தானாகச் சுழன்று வெளியே வருவதுண்டு. வராவிட்டால் 6.8 வரை போய், மரை வெட்டும் ‘டேப்’ கருவியால் மீதியை எடுக்கலாம். மரையும் கெட்டுவிட்டால் ஹெலிகாய்ல் என்னும் கம்பிச்சுருள் மரையை வைக்கலாம். உடைந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ‘ஈஸி அவுட்’ கருவியை மட்டும் இந்த இடத்தில் நுழைக்க வேண்டாம். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது. ஹெட்டையே கழற்றும் வேலையில் கொண்டு விடும்.

மேனிஃபோல்ட்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பாருங்கள். வளைந்திருந்தால் மெஷின் பட்டறையில் சமன் செய்யாமல் மாட்டுவது வீண். புதுப் போல்ட்டும் அதே வழியில் போகும். பல அடுக்கு எஃகு கேஸ்கட், புதுப் போல்ட்கள், மரை தளராமல் பிடிக்கும், அதிக வெப்பம் தாங்கும் திரெட் லாக்கர் பசை: இவற்றைப் போடுங்கள். நடு இரண்டு போல்ட்டில் தொடங்கி வெளியே போகும் வரிசையில் முதல் சுற்று 15 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 25. ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும்.

மேனிஃபோல்ட்டுக்குப் பதிலாக, சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய் கொண்ட ஹெடர் போட்டுவிடலாமே என்று பலர் கேட்பார்கள். நீளக்குழாய் ஹெடர் போட்டால் கன்வெர்ட்டரின் இடம் மாறும். நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரைக் கழற்றுவதும் செயலிழக்கச் செய்வதும் அமெரிக்கக் கூட்டரசின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் ஹெடருக்கே தனியாக விலக்கு எண் வேண்டும். தினசரி ஓடும் வண்டிக்குக் கசிவில்லாத வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் போதும்.

இனி கிட். ‘சில்வராடோ 5.3’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் குழாய் நீளம் பொருந்தாது. இரண்டு சக்கர மையங்களுக்கு இடையே அளந்து வாங்குங்கள்: சிறு கேபின் சிறு தொட்டிக்கு 119 அங்குலம், சிறு கேபின் நீளத் தொட்டிக்கு 133, இந்த வண்டிக்கு 143.5, நீட்டிய கேபினோடு எட்டடித் தொட்டி என்றால் 157.5. உலோகத்தில் மூன்று தெரிவு. அலுமினியப் பூச்சு எஃகு மலிவு. ஆனால் பூச்சு கீறின இடத்திலும் வெல்டிங் இடத்திலும் உப்பு நுழைந்துவிடும். 409 ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்பேறும், எளிதில் ஓட்டையாகாது. 304 இல் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். உப்புச் சாலைக்கு அதுவே சரி. காந்தம் 409 இல் பலமாக ஒட்டும், 304 இல் ஒட்டாது என்றே சொல்லலாம். விற்பவர் சொல்வதை அங்கேயே சோதித்துவிடலாம்.

மஃப்ளர் தேர்வில்தான் பலரும் வருந்துகிறார்கள். கடைவாசலில் கேட்ட முழக்கம் இனிமையாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போனால் மண்டைக்குள் ஒரே ரீங்காரம். கணக்கு எளிது. 3.73 அச்சு விகிதம், 245/75 ஆர்16 டயர், நான்காவது கியர்: மணிக்கு 65 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1850 சுற்று. வி8 ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது என்றால் நொடிக்கு 123 அதிர்வு. கேபினின் காற்றும் அந்த எல்லையில் சேர்ந்து அதிர்ந்தால் காது அடைக்கும். உள்ளே தடுப்பறைகள் கொண்ட முரட்டு மஃப்ளரை விட, துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடியிழை அடைத்த நீளமான மஃப்ளர் இதை நன்றாகக் குறைக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் பிரதான குழாயில் ஒரு முனை மூடிய பக்கக் குழாயை இணைக்கலாம். புகை 200 டிகிரி செல்சியஸில் இருக்கும் இடத்தில், 123 அதிர்வுக்கு அதன் நீளம் சுமார் 89 சென்டிமீட்டர்.

கழற்றுவதும் மாட்டுவதும் ஒரே நாளில் முடியும். வண்டியைச் சட்டத்தில் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்தி, ஸ்டெப்னியை இறக்கிவிட்டால் பின்பக்கம் கை நுழைய இடம் கிடைக்கும். பழைய குழாயை முழுதாக எடுக்கப் போராட வேண்டாம். பின் அச்சுக்கு முன்னால் ரம்பத்தால் அறுத்து இரண்டு துண்டாக எடுங்கள். ஹேங்கர் ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் விட்டால் கழன்றுவிடும். அடியில் படுத்திருக்கும்போதே இடப்பக்கச் சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்களை விளக்கடித்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் அவை துருப்பிடித்து வெடிப்பது பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனமே விசாரித்து, 2015 இல் எச்சரிக்கை வெளியிட்டது. சைலன்சரை விட அது முக்கியம்.

புதுக் குழாய்களை எல்லாம் ஹேங்கரில் தொங்கவிட்டு, கிளாம்ப்களைக் கைவிரலால் மட்டும் இறுக்குங்கள். ஒரு குழாய் மற்றொன்றுக்குள் இரண்டு அங்குலமாவது நுழைய வேண்டும். அடுத்துதான் பெரும்பாலோர் தவறுகிற இடம். சட்டத்தில் ஸ்டாண்ட் இருக்கும்போது பின் அச்சு கீழே தொங்கிக்கொண்டிருக்கும். குழாய்க்கும் அச்சுக்கும் நடுவே தாராளமாக இடம் தெரியும். சக்கரம் தரையில் பட்டதும் அச்சு மேலே வரும். தொட்டியில் பாரம் ஏற்றினால் இன்னும் மேலே வரும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் ‘தங்’ என்று அடிக்கும். அதனால் இறுதி இறுக்கத்துக்கு முன் அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து உயர்த்தி இடைவெளியைப் பாருங்கள். பிரேக் குழாய், ஷாக், ஸ்டெப்னி எல்லாவற்றிலிருந்தும் ஒரு அங்குலம் விலகியிருக்கட்டும்.

கிட்டோடு வரும் யு-போல்ட் குழாயை நசுக்கிவிடும். பின்னால் பிரிக்கவே முடியாது. அகலப் பட்டைக் கிளாம்ப் தனியாக வாங்கிப் போட்டோம், முன்னிருந்து பின்னாக இறுக்கினோம். டெயில் பைப் தொட்டிக்கு அடியில் முடியக் கூடாது. பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் வெளியே வர வேண்டும், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறும்.

கசிவு பார்க்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வாக்குவம் கிளீனரின் காற்று ஊதும் வாயை டெயில் பைப்பில் வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தெளித்தோம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் முதல் இணைப்பில் குமிழி வந்தது. கிளாம்ப்பை அரை அங்குலம் நகர்த்தியதும் நின்றது. முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும் எண்ணெய் வாடையும் வரும், அது குழாயில் ஒட்டிய எண்ணெய் எரிவது. 50 மைல் ஓடியபின் ஆறவிட்டு எல்லாக் கிளாம்ப்களையும் மறுபடி இறுக்கியதில் இரண்டு கிளாம்ப்கள் மட்டும் இன்னும் கால் சுற்று இறுகின. மறுநாள் காலை குளிரில் ஸ்டார்ட் செய்தபோது ‘டிக் டிக்’ இல்லை.