45 வயதில் சாம்பியன்

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் என்றதும் எல்லாரும் 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் முகமது அலியிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்ததைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அது அவர் கதையில் பாதி கூட இல்லை.

ஹூஸ்டனில் வறுமையில் வளர்ந்த பையன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம், 1973-ல் ஜமைக்காவில் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் சாய்த்து உலக ஹெவிவெயிட் சாம்பியன். அப்புறம் அலி. 1977-ல் ஜிம்மி யங்கிடமும் தோற்று, குத்துச்சண்டையையே விட்டுவிட்டு பத்து வருஷம் பாதிரியாராகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

1987-ல் மொட்டைத் தலையும் தொப்பையுமாகத் திரும்பி வந்தவரை எல்லாரும் கேலி செய்தார்கள். 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிரே 26 வயது நடப்பு சாம்பியன் மைக்கேல் மூரர், ஒன்பது ரவுண்டு வரை புள்ளிகளில் முன்னிலை. ஃபோர்மேன் போட்டிருந்தது கின்ஷாசாவில் தோற்றபோது போட்ட அதே சிவப்பு டிராயர், ரவுண்டுகளுக்கு இடையே ஆலோசனை சொல்ல அவர் மூலையில் நின்றதோ அன்றைக்கு அலிக்குப் பயிற்சியாளராக இருந்த அதே ஏஞ்சலோ டண்டி! பத்தாவது ரவுண்டில் ஒரு வலது கை நேராக மூரரின் தாடையில் இறங்கியது, பெரிய வீச்செல்லாம் இல்லை, அவ்வளவுதான், மனிதர் மல்லாந்துவிட்டார். ஃபோர்மேன் மூலைக்குப் போய் மண்டியிட்டு ஜெபம் செய்தார்.

பட்டத்தை இழந்து இருபது வருஷம் கழித்து மீட்டிருக்கிறார். 2025 மார்ச்சில் 76 வயதில் காலமானார். அந்தப் பத்தாவது ரவுண்டைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.