வைவாவில் என்னைக் கவிழ்த்த ஒரு வார்த்தையும் காசிமேட்டுப் பூனைகளும்

ரிசல்ட் வந்து மூன்று நாளாகிறது. எம்.எஸ்சி. விலங்கியல், விலங்கு நடத்தை ப்ராஜெக்ட், இரண்டாவது தடவையில் பாஸ். தண்டையார்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷன் வந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ரயில் பிடித்து அலைந்ததற்கு இப்போதுதான் ஒரு பலன்.

முதல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கவிழ்த்தது ஒரே வார்த்தை. சிங்கவால் குரங்குகளின் நடத்தைப் பட்டியலில் ‘சோகமாக உட்கார்ந்திருத்தல்’ என்று எழுதியிருந்தேன். “சோகத்தை எதை வச்சுப்பா அளந்தே?” என்றார் வெளித் தேர்வாளர். முகத்தை வைத்து என்றேன். போச்சு, ஆறு மாசம். விலங்குகளைக் கவனிக்கும் முறைகள் பற்றிய ஆல்ட்மனின் 1974 கட்டுரையைக் கரைத்துக் குடித்து, ஸ்கேன் (கூட்டம் முழுவதையும் இடைவெளி விட்டு ஒரு பார்வை பார்த்துக் குறிப்பது), ஃபோகல் (ஒரே விலங்கைத் தொடர்ந்து பார்ப்பது) என்று ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு இது உறைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் அடுத்து ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். சரியாக எழுதியிருக்கிறோமா என்பதை இன்னொருவரை வைத்துச் சோதியுங்கள்.

எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் விற்கிறார். நானும் தங்கையும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஒரே பூனையை அரை மணி நேரம், நிமிஷத்துக்கு ஒரு தடவை குறித்தோம். 30 குறிப்பில் 18தான் ஒத்துப்போனது. சண்டை எல்லாம் ‘தூக்கம்’ என்ற கட்டத்தில். கேட்டுக்கொண்டிருந்த ஆயா, “அதுவா தூங்குது? கூடையில வஞ்சிரம் இருக்கிற வரைக்கும் அது தூங்காதுடா, காதைப் பாரு” என்றார். ‘தலை தரையில், கண் மூடி, காது அசையாமல்’ என்று மாற்றினேன். அடுத்த வாரம் 27. அப்புறம் வண்டலூரில் கிளாஸ்மேட்டை உட்காரவைத்து இதையே செய்து, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழிக்கும் கோஹன் கப்பா என்ற கணக்கும் போட்டேன். வரையறை தளர்வாக இருந்தால், கூண்டில் ஏதாவது மாற்றிய பிறகு குரங்கு மாறியதா, பார்க்கிற நம் கண் மாறியதா என்றே சொல்ல முடியாது.

மற்றவை, அவசரமாக:

- செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அனுமதிக் கடிதத்தில் அந்த நாளையும் கேளுங்கள், கூட்டம் இல்லாதபோது விலங்கு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட இதைவிட நல்ல வழி இல்லை.
- ஒரு குரங்கை 200 தடவை பார்த்தால் 200 குரங்கு ஆகாது. ஒவ்வொரு குறிப்பும் தனித்தனி என்று எடுத்துக்கொள்ளும் கை-வர்க்கச் சோதனையை (chi-square) போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.
- தீனி நேரத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அந்த நேரத்து நடமாட்டம் வேறு. (நான் காலையில் எழவே மாட்டேன், அதனால் பட்ட பாடு இது.)
- விலங்கு நலனுக்கான ‘ஐந்து சுதந்திரங்கள்’ பட்டியலோடு நிறுத்தாமல், அதே நலனை மதிப்பிடும் மெல்லரின் ‘ஐந்து களங்கள்’ முறையையும் படியுங்கள்.

இரண்டாவது வைவாவிலும் அதே தேர்வாளர். காப்பாளர் மூங்கில் குழாயில் வேர்க்கடலை வைத்ததும் கூட்டத்துக்கே சுறுசுறுப்பு கூடியதா என்று கேட்டார். ஸ்கேன் சராசரியில் கூடியது, ஆனால் ஃபோகலில் பார்த்தால் ஆண் குரங்கு குழாயை விட்டு நகரவே இல்லை, இரண்டு பெண் குரங்குகளுக்கு ஒரு கடலைகூடக் கிடைக்கவில்லை, குழாய்களைப் பிரித்து நாலு இடத்தில் வைக்க வேண்டும் என்றேன்.

“அப்போ அதுங்க ரெண்டும் வருத்தமா இருந்துச்சா?”

“தெரியாது சார். குழாயிலேர்ந்து மூணு மீட்டர் தள்ளி இருந்துச்சு.”

பக்கத்தைப் புரட்டிவிட்டார்.