ரெய்டுக்கு டிஸ்க் வாங்கும்போது நான் பார்ப்பவை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். துணி வெட்டுவதற்கான மார்க்கர் ஃபைல், பையர் அனுப்பும் பிரிண்ட் டிசைன், கணக்கு எல்லாம் நான்கு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டியில்தான் (நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) இருக்கும். ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி அந்த நான்கையும் சேர்த்து வைப்பதுதான் ரெய்டு. டிஸ்க் வாங்கப் போனால் முதலாளிகள் கேட்பது "எத்தனை டிபிங்க, என்ன விலைங்க?" என்பதைத்தான். எனக்கு அது கடைசிக் கேள்வி.

முதல் கேள்வி, சிஎம்ஆரா எஸ்எம்ஆரா? இரண்டும் டிஸ்க்கில் தகவலை எழுதும் முறைகள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். அன்றாட வேலையில் இது தெரியவே தெரியாது. ஒரு டிஸ்க் போய், மாற்றிய புது டிஸ்க்கில் தகவலை மறுபடி எழுதும் ரீபில்ட் ஓடும்போதுதான் நாள்கணக்கில் இழுக்கும். மீதி டிஸ்குகள் உயிரைக் கொடுத்து ஓடுகிற நேரம் அது. நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020இல் தெரியவந்தது. அதனால் மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை டேட்டாஷீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது, பிழை வந்தால் டிஸ்க் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும் என்பது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் கெட்டுப்போன சிறு பகுதியை (செக்டார்) படிக்க நிமிடக்கணக்கில்கூட முயன்றுகொண்டிருக்கும். அதற்குள் டிஸ்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டு அது செத்துவிட்டதென்று கழற்றிவிடும். நாஸ் டிஸ்க் பெரும்பாலும் 7 நொடியில் கைவிட்டுவிடும், அந்தத் தகவலை மற்ற டிஸ்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், நான்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்க மாட்டேன். லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். ஒரே தேதி, அடுத்தடுத்த சீரியல் எண் என்றால் இரண்டைக் கோவையிலும் இரண்டை ஈரோட்டிலும் வாங்குவேன். "எல்லாம் ஒரே சரக்குதானுங்க" என்பார் கடைக்காரர். "அதனாலதானுங்க வேண்டாங்கறேன்" என்பேன். ஒரே லாட்டில் ஒரு குறை இருந்தால் நான்கும் அதே குறையோடு, ஒரே சூட்டில், ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும். ரெய்டு 5 என்ற முறை ஒரே ஒரு டிஸ்க் போனால் மட்டும்தான் தாங்கும். டிஸ்க் 8 டிபிக்கு மேல் என்றால் நான் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6தான் போடுவேன், இடம் போனாலும் சரி.

நம்ம ஊரில் பஞ்சுத்தூசி வேறு. ஃபேன் வலையில் படிந்தால் டிஸ்க் சூடேறும், மாதம் ஒருமுறை ஊதிவிட வேண்டும்.

புது டிஸ்க்கை நேராகச் சேர்ப்பதில்லை. டிஸ்க் தன்னைத்தானே முழுக்கச் சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஓடவிடுவேன், 8 டிபிக்கு அரை நாளுக்கு மேலாகும். முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் கெட்ட செக்டார்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிசைகளிலும் மூல மதிப்பு பூஜ்யமா என்று பார்ப்பேன். ஒன்றே ஒன்று ஏறியிருந்தாலும் பில்லோடு கடைக்குத் திருப்பிவிடுவேன்.